ஒரு தோல்விகூட இல்லாத சீசன்: 1972 மயாமி டால்ஃபின்ஸ்

என்.எஃப்.எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக் 1920-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் அந்த லீக்கில், சீசனின் முதல் ஆட்டத்தில் ஆரம்பித்து இறுதிப்போட்டி வரைக்கும் ஒன்றில்கூடத் தோற்காமல், ஒன்றைக்கூட டிரா ஆக்காமல் கோப்பையை வாங்கிய அணி ஒன்றே ஒன்றுதான்: 1972-இல் ஆடிய மயாமி டால்ஃபின்ஸ். 17 ஆட்டம், 17 வெற்றி. இதைத்தான் அங்கே பர்ஃபெக்ட் சீசன் என்கிறார்கள். எந்த வருடமாவது ஏதாவது ஓர் அணி வரிசையாக எட்டு, பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டால் உடனே இந்த 1972 அணியின் பேச்சு வந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கும் அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். 17-0 என்று கேட்டவுடன், எதிரில் வந்தவர்களையெல்லாம் துவம்சம் பண்ணிய அணி போலிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கதை வேறு. நூலிழையில் தப்பித்த ஆட்டங்கள் நான்கைந்தாவது இருக்கின்றன, அணியின் முக்கியமான வீரர் கால் உடைந்து சீசனின் பாதிக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தார், இறுதிப்போட்டிக்குப் போகும்போதுகூட இவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று கணிப்பாளர்கள் சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒருத்தர் விழுந்தால் இன்னொருத்தர் வந்து அந்த வேலையை முடித்தார் என்பதுதான் அந்த அணியின் மொத்தப் பெருமையும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, முதலில் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 யார்டு, ஒரு யார்டு என்பது மூன்று அடி. பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு, அந்த நான்குக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி, கூடவே ஓர் உதை உதைத்து 1 புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். எல்லைக்கோடு வரை போக முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பலாம், அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. நான்காவது வாய்ப்பில் அதுவும் முடியாத தூரம் என்றால், பந்தை எதிரணிப் பக்கம் ஆழமாக உதைத்துத் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பெயர் பன்ட்.

பந்தை முன்னே கொண்டுபோக இரண்டு வழி. கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், இல்லை முன்னால் ஓடும் சக வீரருக்கு எறியலாம். எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் குவாட்டர்பேக் என்ற ஒரே ஆளின் பொறுப்பு. அவர் சரியில்லை என்றால் அணி அநேகமாக அம்பேல். இன்னொரு விஷயம், பந்தை முன்னே கொண்டுபோகும் 11 பேர் வேறு, எதிரணியைத் தடுக்கும் 11 பேர் வேறு. பந்து கை மாறும்போது மொத்தக் கூட்டமும் மாறிவிடும். அதனால் ஒரே அணிக்குள் இரண்டு அணி இருப்பது போலத்தான்.

1972-இல் லீக்கில் 26 அணிகள் இருந்தன. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வாரத்துக்கு ஒன்றாக ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். அதில் தேறிய எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அங்கே எல்லாமே நாக்-அவுட், ஒரு தோல்வி வந்தால் வீட்டுக்கு. கடைசியில் நடப்பது சூப்பர் பவுல். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். லீக் சுற்றில் நான்கைந்து ஆட்டம் தோற்றாலும் கோப்பையை வாங்கிவிடலாம், தோற்காமலே போக வேண்டும் என்று அங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான், பத்துப் பதினோரு வெற்றி இருந்தாலே அது அருமையான சீசன்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஜெயிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? பெரிய காரணம் உடம்பு. முழு வேகத்தில் ஆளோடு ஆள் மோதும் விளையாட்டு இது, மூன்று மாதத்தில் கை, கால், முட்டி என்று ஏதாவது ஒன்று போகும், முதல் வாரம் ஆடிய அணி பத்தாவது வாரத்தில் அப்படியே இருக்காது. அடுத்தது, லீக்கே எல்லா அணிகளையும் ஒரே மட்டத்தில் வைக்கப் பார்க்கிறது. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. இது போதாதென்று பந்து வேறு முட்டை வடிவம், கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை, ஒரு தவறான துள்ளல், ஒரு நடுவர் தீர்ப்பு, இது போதும் நல்ல அணி மோசமான அணியிடம் தோற்க.

டால்ஃபின்ஸ் 1966-இல்தான் பிறந்த அணி. ஆரம்ப வருடங்கள் பரிதாபம், 1969-இல் 14 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. அடுத்த வருடம் உரிமையாளர் ஜோ ராபி, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் பயிற்சியாளர் டான் ஷூலாவை இழுத்துக்கொண்டு வந்தார். இழுத்த விதம் விதிமீறல் என்று லீக் தீர்ப்புச் சொல்லி, மயாமியின் முதல் சுற்று வீரர் தேர்வு வாய்ப்பு ஒன்றைப் பறித்து பால்டிமோருக்குக் கொடுத்தது. கொடுத்த விலை வீண்போகவில்லை. ஷூலா வந்ததும் புளோரிடா வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு முறை பயிற்சி. அந்த வருடமே 10 வெற்றி, 4 தோல்வி. 1971-இல் சூப்பர் பவுல் வரைக்கும் போய் டல்லஸ் கவ்பாய்ஸிடம் 24-3 என்று மண்ணைக் கவ்வினார்கள்.

ஷூலாவுக்கு அது இரண்டாவது அடி. 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பவுலில் அவருடைய பால்டிமோர் அணி கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும் என்று நாடே நம்பியது, நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று கவிழ்த்துவிட்டது. பெரிய ஆட்டம் வந்தால் இவர் கோட்டை விட்டுவிடுவார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1972 தொடங்கும்போது அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு மட்டும் இல்லை, டல்லஸிடம் தோற்றுத் திரும்பிய எல்லாருக்கும் இருந்தது.

அணி ஆடிய முறை ரொம்ப எளிமையானது: ஓடு, ஓடு, ஓடிக்கொண்டே இரு. லாரி சோங்கா என்று ஒரு முரட்டு ஆள், நேராக முட்டிக்கொண்டு போவார், இரண்டு பேரைக் கூடவே இழுத்துக்கொண்டு விழுவார். மெர்குரி மோரிஸ் பக்கவாட்டில் பாய்ந்து ஓடுபவர், பிடிக்க முடியாது. மூன்றாவதாக ஜிம் கீக், சின்னத் தூரம் வேண்டும்போது நம்பி பந்தைக் கொடுக்கலாம். சோங்கா அந்தச் சீசனில் 1,117 யார்டு ஓடினார், மோரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் இரண்டு பேர் ஆயிரம் தொட்டது அதுதான் முதல் முறை. மோரிஸின் கணக்கு முதலில் 991 என்றுதான் இருந்தது. பஃபலோவோடு நடந்த ஓர் ஆட்டத்தில் கைநழுவிய பந்துக்காக அவர் தலையில் எழுதிய 9 யார்டு இழப்பு அவருடைய தவறே இல்லை என்று லீக் படத்தை மறுபடி பார்த்துத் திருத்தியபிறகு ஆயிரம் ஆனது. அணி மொத்தமாக ஓடியது 2,960 யார்டு, அன்றைய தேதிக்கு அது சாதனை. அந்த வருடம் விதியிலும் ஒரு மாற்றம் வந்தது. ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் கோடுகளை மைதானத்தின் நடுப்பக்கம் நகர்த்தினார்கள், இரண்டு பக்கமும் ஓட இடம் கிடைத்தது. லீக் முழுக்கவே ஓடுபவர்களுக்கு நல்ல வருடம்தான், மயாமி அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது.

ஓடுபவர் பெயர் பேப்பரில் வரும், அவருக்கு வழி விலக்கிக் கொடுப்பவர்கள் பெயர் வராது. ஆனால் மயாமியின் உண்மையான பலம் அங்கேதான். முன்வரிசையில் நின்ற ஐந்து பேரில் பெரும்பாலோர் வேறு அணிகள் வேண்டாம் என்று தள்ளியவர்கள். ஜிம் லேங்கரை கிளீவ்லேண்ட் கழற்றிவிட்டது. லாரி லிட்டிலை சான் டியகோ விட்டுக்கொடுத்தது. பாப் கூச்சன்பெர்க் இன்னும் கீழிருந்து, அங்கே இங்கே அலைந்து வந்தவர். இதில் லேங்கர், லிட்டில் இரண்டு பேரும் பிற்பாடு விளையாட்டின் கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள்.

தடுப்பு ஆட்டக்காரர்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1971 சீசன் முடிவில் சூப்பர் பவுலுக்கு முன்னால் டல்லஸ் பயிற்சியாளர் டாம் லேண்ட்ரியிடம் மயாமியின் தடுப்பைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் பெயர் எதுவும் ஞாபகம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து 'பெயரில்லாத டிஃபென்ஸ்' என்பதே அவர்கள் பெயராகிவிட்டது. நடுவில் நின்று எல்லாரையும் ஆட்டிவைத்த நிக் புவோனிகான்டி, பின்னால் காவல் காத்த ஜேக் ஸ்காட், டிக் ஆண்டர்சன் என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள்தான், விளம்பரம்தான் இல்லை. தடுப்புப் பயிற்சியாளர் பில் ஆர்ன்ஸ்பார்கர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். பாப் மாத்திசன் என்ற 53-ஆம் எண் வீரரை உள்ளே அனுப்புவார், அவர் குவாட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்வாரா பின்வாங்கிப் பந்தைத் தடுப்பாரா என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. எண்ணை வைத்தே அந்த அமைப்புக்கு '53' என்று பெயர். 14 ஆட்டத்தில் மயாமி எடுத்தது 385 புள்ளி, கொடுத்தது 171.

சீசன் செப்டம்பர் 17 அன்று கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது, 20-10. மூன்றாவது வாரமே மின்னசோட்டாவில் சிக்கினார்கள். கடைசிக் காற்பகுதியில் 14-6 என்று பின்தங்கியிருந்தபோது காரோ யெப்ரமியன் 51 யார்டு தூரத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல் அடித்தார். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது குவாட்டர்பேக் பாப் கிரீஸி ஒரு டச்டவுன் பாஸ் எறிந்தார், 16-14. அந்த உதை தவறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அக்டோபர் 15, சான் டியகோவோடு ஐந்தாவது ஆட்டம். கிரீஸி பந்தை எறிந்த கையோடு இரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள், வலது கால் எலும்பு முறிந்து கணுக்காலும் விலகிவிட்டது. சாதாரணமாக ஓர் அணியின் சீசன் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஷூலா பெஞ்சிலிருந்து கூப்பிட்டது 38 வயது ஏர்ல் மோரலை.

மோரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1956-இலிருந்து ஆடிக்கொண்டிருந்த ஆள், அணி அணியாக மாறியவர், கூடவே ஆடியவர்களில் பலர் அவரைவிட பத்து வயதுக்கு மேல் சின்னவர்கள். 1968-இல் பால்டிமோரின் பெரிய நட்சத்திரம் ஜானி யுனைட்டஸ் காயம்பட்டபோது உள்ளே வந்து, அந்த வருடம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். அப்புறம் அந்த மூன்றாவது சூப்பர் பவுல், நாடே எதிர்பார்த்திராத தோல்வி. அதில் மோரல் எறிந்த மூன்று பந்துகளை எதிரணி பறித்துக்கொண்டது. ஆளே இல்லாத இடத்தில் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த சக வீரரைக் கவனிக்காமல் வேறு பக்கம் எறிந்தார், அந்தப் பந்தும் போனது. கடைசியில் அவரை எடுத்துவிட்டு, கை வலியோடு இருந்த யுனைட்டஸையே அனுப்பினார்கள். அன்று ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் இதே ஷூலாதான். அதே மோரலை 1972-இல் பால்டிமோர் வேண்டாம் என்று விட்டபோது, லீக்கின் வழக்கமான கட்டணமான 100 டாலரைக் கட்டி ஷூலா எடுத்துக்கொண்டார். தன் வாழ்க்கையின் பெரிய தோல்விக்குக் காரணம் என்று ஊரே கைகாட்டிய ஒருவரைத் திரும்பத் தன்னோடு சேர்த்துக்கொள்ள எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

அந்த நம்பிக்கையை மோரல் காப்பாற்றினார். சான் டியகோ ஆட்டத்தை 24-10 என்று முடித்தார், அதன்பிறகு மிச்சமிருந்த ஒன்பது லீக் ஆட்டங்களையும் அவர்தான் தொடங்கினார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அடுத்த வாரமே பஃபலோவோடு 24-23, ஒரே ஒரு புள்ளி. பால்டிமோரில் போய் தன் பழைய அணியையே 23-0 என்று வென்றார். நியூ இங்கிலாந்தை 52-0 என்று அடித்த ஆட்டம் பயிற்சியாளராக ஷூலாவின் 100-வது வெற்றி. ஜெட்ஸோடு நடந்த இரண்டாவது ஆட்டத்தில் பின்தங்கி மீண்டு 28-24. டிசம்பர் 16 அன்று மறுபடி பால்டிமோர், 16-0. பதினாலுக்குப் பதினாலு. அதற்கு முன்னால் லீக் ஆட்டம் எல்லாவற்றையும் ஜெயித்தது 1934, 1942 சிகாகோ பேர்ஸ் மட்டும்தான், இரண்டு முறையும் அவர்கள் இறுதிப்போட்டியில் தோற்றார்கள்.

நாக்-அவுட்டில் முதலில் கிளீவ்லேண்ட். சொந்த மைதானம், பலவீனமான எதிரணி என்று எல்லாரும் நினைத்த ஆட்டத்தில், கடைசிக் காற்பகுதியில் மயாமி 14-13 என்று பின்தங்கி நின்றது. பால் வார்ஃபீல்டு பந்துகளைப் பிடித்துக் கொடுக்க, ஜிம் கீக் எட்டு யார்டு ஓடி டச்டவுன் போட்டு 20-14 ஆக்கினார்.

அடுத்தது அரையிறுதி மாதிரி, அதில்தான் இன்றைய ரசிகர்கள் நம்பவே மாட்டார்கள் என்கிற ஒரு விஷயம். 15-0 என்று நிற்கும் அணி, 11-3 எடுத்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஊருக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. அன்றைய விதிப்படி எந்த ஊரில் ஆட்டம் என்பது வெற்றிக் கணக்கை வைத்து முடிவாகாது, பிரிவுகளுக்குள் சுழற்சி முறையில் வரும். 1975-இல்தான் அதிக வெற்றி பெற்றவருக்கே சொந்த மைதானம் என்று மாற்றினார்கள்.

டிசம்பர் 31, பிட்ஸ்பர்க். மோரலால் எதுவும் செய்ய முடியவில்லை, மயாமி 7-0 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது வாய்ப்பில் லாரி சீப்பிள் பன்ட் உதைக்க வந்தார். எதிரணிக்காரர்கள் எல்லாரும் பந்து ஆகாயத்தில் வரப்போகிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே, உதைக்காமல் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். 37 யார்டு. யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்திருந்தால் அவர் கதி அதோகதி. அந்த ஓட்டத்திலிருந்து டச்டவுன் வந்து 7-7 ஆனது. இடைவேளைக்குப் பிறகு ஷூலா இன்னொரு பெரிய முடிவெடுத்தார். கால் குணமாகி வந்திருந்த கிரீஸியை உள்ளே அனுப்பினார். இரண்டரை மாதமாகச் சரியாக ஆடாத ஆள், வந்த கொஞ்ச நேரத்திலேயே வார்ஃபீல்டுக்கு ஒரு பந்து எறிந்தார், 52 யார்டு. மயாமி 21-17 என்று ஜெயித்தது.

ஒரு தோல்விகூட இல்லாத குவாட்டர்பேக்கை உட்காரவைத்துவிட்டு இறுதிப்போட்டிக்கும் கிரீஸியையே தேர்ந்தெடுத்தார் ஷூலா. மோரலுக்கு வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது, ஆனால் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. இந்தச் சீசனில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானம், 90,000-த்துக்கும் மேல் கூட்டம், நல்ல வெயில். எதிரில் வாஷிங்டன், பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன். 16-0 அணியைவிட வாஷிங்டனுக்குத்தான் பந்தயக்காரர்கள் கொஞ்சம் அதிக வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். மயாமி சந்தித்ததெல்லாம் சோப்ளாங்கி அணிகள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, லீக்கில் மயாமி ஆடிய அணிகளில் பாதிக்கு மேல் ஜெயித்தவை கான்சாஸ் சிட்டியும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மட்டும்தான், அவையும் 8-6. இன்றும் இந்தச் சீசனைக் குறைத்துப் பேசுபவர்கள் இதைத்தான் எடுப்பார்கள். என் பதில் ஒன்றுதான்: சுலபமான அட்டவணை வேறு எத்தனையோ அணிகளுக்கு வந்திருக்கிறது, யாரும் இதைச் செய்யவில்லை.

ஆட்டத்தை மயாமி முழுக்கத் தன் பிடியில் வைத்திருந்தது. கிரீஸி மொத்தம் 11 பந்துதான் எறிந்தார், மற்றதெல்லாம் ஓட்டம், சோங்கா மட்டும் 112 யார்டு. ஹோவர்ட் ட்வில்லி ஒரு டச்டவுன், கீக் ஒரு டச்டவுன். பின்னால் ஜேக் ஸ்காட் இரண்டு பந்துகளைப் பறித்து ஆட்ட நாயகன் ஆனார். நடுவில் மேனி ஃபெர்னாண்டஸ் என்ற தடுப்பாட்டக்காரர் வாஷிங்டன் ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து மடக்கிக்கொண்டே இருந்தார், விருது அவருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று நிறைய பேர் சொல்வார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். 14-0 என்று ஆட்டம் முடியப்போகிற நேரம்.

அப்போதுதான் அந்த உதை. 42 யார்டு ஃபீல்டு கோலுக்கு ஷூலா ஆளை அனுப்பினார். அடித்தால் 17-0, சீசன் கணக்கும் 17-0, பொருத்தமாக முடியும். உதைக்க வந்தவர் காரோ யெப்ரமியன், சைப்ரஸ் தீவில் பிறந்த ஆர்மீனியர், ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், அமெரிக்கா வரும்வரை இந்த விளையாட்டை ஆடியதே கிடையாது, சாக்கர் பழக்கத்தில் இடது காலால் உதைப்பார். பந்தைத் தரையில் பிடித்து வைத்தவர் மோரல். உதை தாழ்வாகப் போய் எதிரணிக்காரர் கையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்படியே அதன்மேல் விழுந்து படுத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. யெப்ரமியன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்தார், அதை முன்னால் எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து வழுக்கி நேராக மேலே போனது. விழும்போது அதைத் தட்டிவிடப் பார்த்தார், அது மைக் பாஸ் என்ற வாஷிங்டன் வீரர் கைக்குப் போனது, அவர் 49 யார்டு ஓடி டச்டவுன். 14-7, இன்னும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. 16 வெற்றியும் ஓர் ஐந்து நொடியில் தொங்கலுக்கு வந்துவிட்டது.

கடைசியாக வாஷிங்டன் கையில் பந்து வந்தபோது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. பெயரில்லாத டிஃபென்ஸ் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை, கடைசி வாய்ப்பில் குவாட்டர்பேக்கைப் பின்னால் துரத்தி மடக்கிப் போட்டார்கள். ஷூலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடமும் இதே அணி சூப்பர் பவுலை ஜெயித்தது, ஆனால் சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே ஓக்லேண்டிடம் 12-7 என்று தோற்றுத் தொடர்வெற்றி 18-இல் நின்றுவிட்டது. பிறகு சோங்கா, கீக், வார்ஃபீல்டு மூன்று பேரும் போட்டி லீக் ஒன்றுக்குப் பெரிய சம்பளத்தில் போக, அணி கலைந்தது. சாம்பியன்களை வெள்ளை மாளிகைக்கு அழைக்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை, 2013-இல் ஒபாமா கூப்பிட்டபோதுதான் நரைத்த தலையோடு போய் நின்றார்கள். விளையாட்டு அவர்கள் உடம்பிலிருந்து வாங்கியதையும் சொல்லாமல் விடக்கூடாது. மோரல் 2014-இல் இறந்தபிறகு அவர் மூளையைப் பரிசோதித்ததில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச்சிதைவு நோய் முற்றிய நிலையில் இருந்தது தெரியவந்தது. புவோனிகான்டி கடைசிக் காலத்தில் ஞாபகமும் கைகால் கட்டுப்பாடும் போய் அவதிப்பட்டதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

பக்கத்தில் வந்தவர்கள் உண்டு. 1985 சிகாகோ பேர்ஸ் 12-0 என்று வந்தது, அதை நிறுத்தியது அதே மயாமி, அதே ஷூலா, 38-24. அன்று 1972 அணியின் பழைய வீரர்கள் மைதான ஓரத்தில் வந்து நின்றிருந்தார்கள். அந்த ஒரு தோல்வியோடு பேர்ஸ் கோப்பையை வாங்கியது. 2007-இல் நியூ இங்கிலாந்து 16 லீக் ஆட்டத்தையும் ஜெயித்து 18-0 என்று இறுதிப்போட்டிக்கு வந்தது. ஆட்டம் முடிய 35 நொடி இருக்கும்போது ஜயன்ட்ஸ் ஒரு டச்டவுன் போட்டு 17-14 என்று முடித்துவிட்டது.

இப்போது லீக் சுற்றே 17 ஆட்டம், மேலே மூன்று நான்கு நாக்-அவுட், அதாவது குறைந்தது 20 ஆட்டம் தோற்காமல் இருக்க வேண்டும். எண்ணிக்கையைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. நாக்-அவுட் இடம் உறுதியானபிறகு பயிற்சியாளர்கள் முக்கிய ஆட்டக்காரர்களைக் காயத்துக்குப் பயந்து உட்காரவைத்துவிடுகிறார்கள். 2009-இல் 14-0 என்று இருந்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ், ஜெட்ஸோடு நடந்த பதினைந்தாவது ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும்போதே குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்கை வெளியே எடுத்தது. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள், ஆட்டம் 29-15 என்று போனது. அவ்வளவு பாதுகாத்து வைத்தும் அந்த வருடம் சூப்பர் பவுலில் நியூ ஆர்லியன்ஸிடம் தோற்றார்கள்.